தம் கட்டி எடுத்த படங்கள்

நீளமான த்ரெட். டீ போட்டுக்கிட்டு உக்காருங்க.

போன மாசம் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்குற ஒரு தம்பி ஓபிக்கு வந்தார். காது அடைப்பு. எப்படி வந்துச்சுன்னு கேட்டா, "கிணத்துல முங்கிப் பழகினேன் டாக்டர்" என்றார். மருந்து எழுதிக்கிட்டு இருக்கும்போது பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கேமராவை எடுத்து மேஜை மேல வச்சார். தண்ணி புகாத ஃபிலிம் கேமரா. 27 படம் எடுத்ததும் அப்படியே லேப்ல கொடுத்துடணும், மறுபடி ரோல் போட முடியாது.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்க ரெண்டு பேரையும் தண்ணிக்குள்ள வச்சு எடுக்கணும் டாக்டர். முங்குறதுக்கு முன்னாடி வேகவேகமா பதினஞ்சு இருபது தடவை மூச்சை இழுத்து விட்டா ரொம்ப நேரம் தம் கட்டலாம்னு சொல்றாங்களே, உண்மையா?"

உண்மைதான். பிரச்சினையே அதுதான்.

அவருக்கு ஓபியில அஞ்சு நிமிஷத்துல சொன்னதை உங்களுக்கு விரிவா சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. ஏன்னா இந்த ஆசை 150 வருஷத்துக்கும் மேல பழசு.

1856ல இங்கிலாந்தோட வேமவுத் கடற்கரையில வில்லியம் தாம்சன்னு ஒரு வக்கீல் கேமராவை ஒரு பெட்டியில அடைச்சு கடலுக்குள்ள இறக்கினார். அவர் இறங்கல, படகுலயே உக்காந்துக்கிட்டார். பெட்டிக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு. இருந்தும் மணலும் கடல்பாசியும் மங்கலா பதிவாச்சு. மனுஷன் யாரும் இல்லாத படம்.

மனுஷனை எடுக்கணும்னா பெரிய சிக்கல் ஒண்ணு இருந்துச்சு. நேரம்! 1893ல பிரான்ஸோட பன்யூல்ஸ் கடற்கரையில லூயி பூத்தான்ங்கிற உயிரியல் அறிஞர் தலைக்கவச உடை போட்டுக்கிட்டு தானே கடலுக்குள்ள இறங்கிப் படம் எடுக்க ஆரம்பிச்சார். ஆரம்பத்துல ஒரு படத்துக்கு அரை மணி நேரம் வரைக்கும் ஒளி காட்ட வேண்டியிருந்தது. பாறை அசையாம இருக்கும், ஆள் இருப்பாரா? உபகரணம் முன்னேறி, 1899லதான் எமில் ராக்கோவிட்சாங்கிற ருமேனிய அறிஞரை கடலடியில நிக்க வச்சு எடுத்தார். கையில ஒரு பலகையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். தண்ணிக்கடியில் எடுத்த முதல் மனித உருவப்படம்னு பொதுவா இதைத்தான் சொல்றாங்க.

அந்தப் படத்துல தெரியாத ஆட்களையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அந்த உடையில இறங்கினவருக்கு மேலே படகுலேருந்து பம்பு அடிச்சு குழாய் வழியா காத்து அனுப்பணும். அவங்க கை நின்னா இவர் மூச்சு நிக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1917, முதல் உலகப்போர். ஹங்கேரியைச் சேர்ந்த ஆந்த்ரே கெர்டெஸ்ங்கிற இளம் சிப்பாய், குண்டடி பட்டதுக்கு அப்புறம் உடம்பு தேறுறதுக்காக எஸ்டெர்கோம்ங்கிற ஊர்ல இருந்தார். அங்கே ஒரு நீச்சல் குளம். ஒருத்தர் தண்ணிக்கடியில நீந்திப் போறார். கெர்டெஸ் கரையிலிருந்தே கீழே பார்த்து ஒரு படம் எடுத்தார். அவ்வளவுதான். தண்ணி புகாத பெட்டி இல்ல, குழாய் இல்ல, அவர் நனையவே இல்ல. தண்ணியோட அலை அந்த உடம்பை நீட்டி வளைச்சு, மேல வெளிச்சத்தால வலை பின்னி விட்டுருச்சு. புகைப்பட வரலாற்றுல இன்னைக்கும் பேசப்படுற படம். 1933ல பாரீஸ்ல வளைஞ்ச கண்ணாடிகளை வச்சு அவர் எடுத்த பிரபலமான உருவப்படங்களுக்கு விதை இந்தக் குளத்துலதான் விழுந்தது.

மருத்துவரா எனக்கு இன்னொண்ணு தோணும். அடிபட்டுத் தேறிட்டு இருக்குற ஒருத்தர், தண்ணிக்குள்ள எடையில்லாம போற ஒரு முழு உடம்பைப் பார்த்துக்கிட்டு நின்ன நேரம் அது.

தண்ணிக்குள்ளயே இறங்கி, அதையும் மலிவா செஞ்சவர் ப்ரூஸ் மோசர்ட். 1938ல அமெரிக்காவோட ஃப்ளோரிடாவுல, கண்ணாடி மாதிரி தெளிவான சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக்கு வந்தவர் அங்கேயே தங்கிட்டார். தகரத்தையும் பிளெக்ஸிகிளாஸையும் வச்சு தானே ஒரு பெட்டி செஞ்சு, கையை உள்ள விட்டு கேமராவை இயக்க கார் டயரோட டியூபை ஒட்டிக்கிட்டார். நம்மூர் பஞ்சர் கடைக்காரர் செய்யுற வேலை! தண்ணிக்கடியில பொண்ணுங்க கறி சுடுற மாதிரி, டீ குடிக்குற மாதிரி விளம்பரப் படங்கள். அடுப்புப் புகைக்கு என்ன செஞ்சார் தெரியுமா? டப்பாப் பால். தண்ணிக்குள்ள அது புகை மாதிரியே மேல எழும்பும்.

அந்தப் பொண்ணுங்க சிரிச்சுக்கிட்டே தம் கட்டி இருந்தாங்க. எடுத்ததும் மேல வந்து மூச்சு வாங்கிட்டு மறுபடி முங்கணும். அதே மாநிலத்துல வீக்கி வாச்சி ஊற்றுல 1947ல கடற்கன்னி நிகழ்ச்சி தொடங்கினப்போ, பக்கத்துலயே காத்துக் குழாயை வச்சு அப்பப்போ மூச்சு இழுத்துக்க ஏற்பாடு பண்ணினார் நியூட்டன் பெர்ரி. மறுபடியும் பாருங்க, படத்துக்கு வெளிய யாரோ ஒருத்தர் காத்துக்குப் பொறுப்பு.

நம்ம பக்கம் வருவோம். 1956ல ஆர்தர் சி. கிளார்க் (ஆமா, அந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர்தான்) தன் நண்பர் மைக் வில்சனோட இலங்கைக்கு வந்து சேர்ந்தார். ரெண்டு பேரும் திருகோணமலை சுவாமி மலைக்குக் கீழே காத்து உருளையோட முங்கினாங்க. போர்த்துக்கீசியர் இடிச்சுத் தள்ளின கோணேசர் கோயிலோட கல் தூண்கள் கடலடியில கிடந்துச்சு. வில்சன் கடலிலிருந்து மீட்ட லிங்கம் பிறகு கோயிலுக்கே வந்து சேர்ந்தது. 1961ல கிரேட் பேசஸ் பாறைகள் பக்கம் ரெண்டு அமெரிக்கச் சிறுவர்களை வச்சு கடலுக்கடியில சினிமா எடுக்கப் போன இடத்துல, வில்சன் கண்ணுல ஒரு பழைய கப்பல் சிதைவே சிக்குச்சு. உள்ளே ஔரங்கசீப் காலத்து, சூரத்துல அடிச்ச வெள்ளி ரூபாய்கள், கட்டி கட்டியா! அடுத்த வருஷம் 'ரன் முத்து தூவ'ங்கிற சிங்களப் படத்துல இதே ஆள் கடலடிக் காட்சிகளை வண்ணத்துல எடுத்தார். பிற்காலத்துல எல்லாத்தையும் விட்டுட்டு காவி கட்டி சுவாமி சிவ கல்கி ஆயிட்டார். முங்கிப் பார்த்த லிங்கம் விடல போல.

அதே 1962ல கிளார்க்குக்கு கை கால் செயலிழந்து போச்சு. முதல்ல தண்டுவட அடின்னு நினைச்சாங்க, பிறகு போலியோன்னாங்க. ஆனாலும் 1963 கிரேட் பேசஸ் பயணத்துக்குப் போனார். நிலத்துல நடக்கச் சிரமப்படுற உடம்பை தண்ணி தாங்கிக்கும். பிசியோதெரபி பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

கருவி கதையைச் சீக்கிரம் முடிச்சிடறேன். கூஸ்தோ குழு உருவாக்கின கேமராவை 1963ல நிக்கான் வாங்கி நிக்கோனாஸ்னு வித்தது. நம்மள மாதிரி ஆளுக்கு எட்டாத விலை. 1986ல ஃபியூஜி ஃபிலிமோடயே வர்ற அட்டை கேமராவைக் கொண்டு வந்த பிறகு, அதையே பிளாஸ்டிக் ஓட்டுக்குள்ள போட்டு தண்ணிக்கு விட்டாங்க. தம்பி கொண்டு வந்தது அந்த வம்சம்தான்.

அதுல ஃபோகஸ் பண்ண முடியாது. சுமார் ஒரு மீட்டருக்கு அப்புறம் எல்லாம் தெளிவா விழும். ஆனா தண்ணிக்குள்ள ஒளி வளையறதால நாலடியில இருக்கிறது மூணடியில இருக்கிற மாதிரி தெரியும். அதனால ஆளை நாலரை, அஞ்சடி தள்ளி நிறுத்தணும். சில அடி ஆழத்துலயே சிவப்பு மங்கிடும். முகூர்த்தப் புடவைச் சிவப்பை நம்பி இறங்கினா படத்துல பழுப்பா வரும். கண்ணாடி போடாம கண்ணைத் திறந்தா எதுவும் தெளிவா தெரியாது, ஏன்னா நம்ம விழித்திரைக்கு முன்னாடி இருக்கிற கருவிழிப் படலம் காத்துலதான் லென்ஸா வேலை செய்யும். பொண்ணுக்கு மாப்பிள்ளை முகம் தெரியாம ஒரு கலங்கல்தான் தெரியும். அதையும் சொல்லிட்டேன்.

பழவேற்காடு ஏரி வேண்டாம். கலங்கின தண்ணியில கேமராவுக்குச் சேறுதான் கிடைக்கும். அங்கே இருளர் பெண்கள் சேத்துக்குள்ள கையை விட்டுத் தடவியே இறால் பிடிக்கிறாங்க. அந்தத் தண்ணியில கைதான் கண்ணு.

சரி, மூச்சுக்கு வருவோம்.

தம் கட்டும்போது "இனி முடியாது, மேல போ"ன்னு நம்மளத் தள்ளுறது ஆக்சிஜன் குறைவு இல்ல. ரத்தத்துல ஏறுற கார்பன் டை ஆக்சைடு. அதுதான் அலாரம். வேகவேகமா மூச்சு விட்டா அந்தக் கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும். ஆக்சிஜன் பெருசா கூடாது, ரத்தம் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைஞ்சுதான் இருக்கு. அப்போ என்ன ஆகும்? அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே மூளைக்கு ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வந்துடும். மூச்சு முட்டாது, வலிக்காது, கையைக் காலை உதற மாட்டாங்க. 1961ல ஆல்பர்ட் கிரெய்க்ங்கிற அமெரிக்க மருத்துவர் இப்படி மயங்கிப் பிழைச்சவங்களைப் பத்தி எழுதினார். மயக்கம் வரப்போறது அவங்களுக்குத் தெரியவே இல்ல.

நான் பயிற்சி மருத்துவரா இருந்த காலத்துல ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. 16 வயசு. கிணத்துல யாரு அதிக நேரம் முங்குறதுன்னு போட்டி. கூட இருந்த நாலு பேரும் மேட்டுல நின்னு எண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. "அசையாம இருந்தான் சார், சூப்பரா தம் கட்டுறான்னு கை தட்டினோம்." அந்த வாக்கியத்தை அவன் அப்பா முன்னாடிதான் சொன்னாங்க. நாங்க முக்கால் மணி நேரம் போராடினோம். அந்த அப்பா என்கிட்ட கேட்டது ஒண்ணுதான், "கத்தியிருப்பானா சார்?" இல்லைன்னு சொன்னேன். அது ஆறுதலா இல்லையான்னு எனக்கு இப்பவும் தெரியல.

இப்போ படத்துக்குத் திரும்புங்க. தண்ணிக்குள்ள உருவப்படம் எடுக்கிறவர் எதுக்காகக் காத்திருக்கார்? முடி பரவி, துணி மிதந்து, கை தளர்ந்து, உடம்பு அசைவில்லாம நிக்கிற அந்த நொடிக்காக. மயங்கிப் போன உடம்பும் அப்படியேதான் இருக்கும். வ்யூஃபைண்டர்ல கண்ணை வச்சிருக்கிறவருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பூத்தான் காலத்துல பம்பு அடிச்ச ஆள், பெர்ரியோட குழாய், இவங்க செஞ்ச வேலையைச் செய்ய உங்க கிணத்துல யாரு இருக்கா?

அதனால தம்பிக்கு நான் சொன்னது: வேகமூச்சு கூடவே கூடாது. சாதாரணமா ஒரு மூச்சு இழுத்து முங்கி, பத்துப் பதினஞ்சு செகண்ட்ல மேல. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் போஸ். நல்லா நீந்தத் தெரிஞ்ச ஒருத்தர் தண்ணியிலயே இருக்கணும், அவர் கையில கேமராவும் போனும் கூடாது, அவர் பார்க்க வேண்டியது ஆளை மட்டும். கட்டை விரலைத் தூக்கலைன்னா உடனே இழுத்துடணும். அப்படியும் ஏதாவது ஆனா வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கிறது, தலைகீழா தூக்கிச் சுத்துறது எல்லாம் வேண்டாம். மூச்சு இல்லைன்னா முதல்ல வாயோட வாய் வச்சு காத்து ஊதுங்க, அப்புறம் நெஞ்சை அழுத்துங்க, ஒருத்தர் 108க்கு அடிக்கட்டும். காது சரியாகிற வரைக்கும் முங்கவே கூடாதுன்னும் சொன்னேன்.

அதோட ஒரு யோசனையும் கொடுத்தேன். கெர்டெஸ் வழி.

சும்மா சொல்லல, நானே செஞ்சு பார்த்தது. வீட்டுப் பரண்ல அப்பாவோட ஆக்ஃபா கிளிக் த்ரீ கிடந்துச்சு. 120 ஃபிலிம், சதுரமா 12 படம். ஒரு காலத்துல ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து'ன்னு ரோல் போட்டுக் கொடுத்துச்சு, இப்போ வெளிநாட்டு ரோல்தான். 100 ஐஎஸ்ஓ கருப்பு வெள்ளை ஒண்ணு வாங்கினேன். கவரைப்பேட்டை பக்கம் சொந்தக்காரங்க கிணறு, தண்ணி பத்தடி கீழ. அந்த கேமராவும் பத்தடிக்கு அப்பால இருக்கிறதைத்தான் தெளிவா எடுக்கும். பொருத்தம்!

நாள் பார்த்துதான் போனோம். நம்ம பக்கம் ஏப்ரல் கடைசி வாரத்துலயும் ஆகஸ்ட் மூணாவது வாரத்துலயும் நண்பகல்ல சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழலே விழாது. அப்போ கிணத்துக்குள்ள அடி வரைக்கும் வெயில் இறங்கும். மச்சான் உள்ளே, அவர் தம்பி தண்ணியிலயே காவலுக்கு, நான் கைப்பிடிச்சுவர் மேல.

முதல் நாலு படம் போச்சு. உச்சி வெயிலோட பளபளப்பு நேரா லென்ஸுக்கே திரும்பிடுச்சு. கொஞ்சம் சாஞ்சு, போலராய்டு கூலிங் கிளாஸை லென்ஸ் முன்னாடி பிடிச்சு எடுத்தேன். ஷட்டர் மெதுவு, நொடியில முப்பதுல ஒரு பங்கு, அதனால நீந்தினா இழுத்துக்கும். மச்சான் தண்ணிக்கு ஓரடி கீழ கையை விரிச்சு மிதந்தார். ஒவ்வொரு தடவையும் நான் எட்டு எண்ணினதும் அவர் தம்பி தோளைத் தொட்டார், அவர் மேல வந்தார். இதுல அழகு கெட்டுப்போகும்னு மச்சானுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஸ்டுடியோல ஃபிலிம் கழுவி வந்ததுல ரெண்டு தேறுச்சு. ஒண்ணுல அலை அவர் கழுத்தை வெட்டி தலையை ஒரு அடி தள்ளி வச்சிருக்கு. இன்னொண்ணுல உடம்பு முழுக்க வெளிச்ச வலை, ஓரத்துல தோளை நோக்கி நீளுற ஒரு கை. அதை வெட்டிட்டு பிரிண்ட் போடவான்னு ஸ்டுடியோக்காரர் கேட்டார். வேண்டாம்னுட்டேன்.

அந்தப் படத்தைத்தான் தம்பிகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "பாட்டி ஊர்ல பம்ப்செட் கிணறு இருக்கு டாக்டர், தண்ணி தெளிவா இருக்கும்" என்றார். காதுக்கு ஒரு வாரம் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருக்கேன்.