நரம்பணு

தேகத்தின் ஓரிடத்தில் எழும் செய்தியை வேறோரிடத்திற்கு மின் அலையாகச் செலுத்துதற்கென்றே அமைந்த உயிரணு நரம்பணு எனப்படும். கருவைத் தாங்கும் உடற்பகுதியும், செய்தியை ஏற்கும் குறுங்கிளைகளும், அதனை வெளிச்செலுத்தும் ஆக்சான் எனும் ஒற்றை நெடுநாரும் இதன் அங்கங்கள். அணுவின் உடல் கண்ணுக்குப் புலனாகாத நுண்மையதாயினும், முதுகுத்தண்டிலிருந்து பாதம்வரை ஓடும் நார் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும்.

ஓய்ந்திருக்கும் அணுவின் உட்புறம் வெளிப்புறத்தினும் ஏறக்குறைய 70 மில்லிவோல்ட்டு எதிர்மின் நிலையில் நிற்கிறது. சவ்விலுள்ள புரதமொன்று மூன்று சோடிய அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்வாங்கி ஓயாது உழைப்பதும், பொட்டாசியம் எளிதிற் கசியுமாறு சவ்வு அமைந்திருப்பதுமே இதன் காரணங்கள். தூண்டுதல் ஓர் எல்லையைக் கடந்தவுடன் சோடிய வாயில்கள் திறக்க, அயனிகள் உட்பாய்ந்து உட்புறத்தை நேர்மின் நிலைக்கு உயர்த்துகின்றன; பின்னர் அவ்வாயில்கள் அடைபடவும், பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை மீள்கிறது. ஓரிரு மில்லி விநாடிகளில் முடிவுறும் இந்நிகழ்ச்சி, ஒரு வயலில் நிரம்பிய நீர் வழிந்து அடுத்த வயலை நிரப்புவதேபோல, அண்டைச் சவ்வையும் தூண்டிக்கொண்டே செல்கிறது. வழியில் வலிமை குன்றுவதில்லை. மயலின் எனும் காப்புறை இல்லாத மெல்லிய நாரில் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊரும் அலை, உறையுடைய தடித்த நாரில் நூறு மீட்டரையும் கடக்கும்.

இவ்வுண்மைகளுட் பலவற்றை வெளிப்படுத்தியது கணவாய் எனும் கடலுயிர்தான். அதன் உடற்சுவரில் ஒரு மில்லிமீட்டர்வரை பருத்த நாரை ஜே. இசட். யங் 1936-இல் விளக்கினார். அதனுள் மின்முனையைச் செலுத்தி அளந்த ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் அலையின் சமன்பாடுகளை வகுத்து, 1963-இல் நோபல் பரிசு பெற்றனர். காரைக்கால் வலைகளில் விழும் கணவாயிலும் பெருநார்கள் உண்டெனினும், கறிக்கு அரிவோருள் அவற்றைக் கவனித்தவர் அரியர்.

நார் தசையைச் சேருமிடத்தில் மின்சாரம் நின்று ரசாயனம் தொடங்குகிறது. நரம்பு நுனி உமிழும் அசிட்டைல்கோலின், நுண்ணிய இடைவெளியைக் கடந்து தசையின் ஏற்பிகளைப் பற்றுகிறது. காரைக்கால் பகுதியில் நெடுங்காட்டையடுத்த குரும்பகரம் போன்ற நெல்வயற் கிராமங்களில் இவ்விடைவெளி வெறும் ஏட்டுச் செய்தியன்று. ஏனெனில் வயற்புறங்களில் திரியும் நல்லபாம்பும் கட்டுவிரியனும் தாக்குவது இதனையே. நல்லபாம்பின் விஷம் தசையின் ஏற்பிகளை அடைத்துவிடும். கட்டுவிரியனின் விஷமோ நரம்பு நுனியையே சிதைத்துவிடும். இரவில் தரையில் துயில்வோரைக் கட்டுவிரியன் தீண்டினால் வலி பெரிதாகத் தோன்றாமையால், இமைகள் தாழ்ந்து நாக்குழறும்வரை கடிபட்டதே தெரியாதிருப்பதுண்டு. நினைவு தெளிந்திருக்கையிலேயே சுவாசத் தசைகள் செயலிழக்கலாம். நல்லபாம்பு விஷத்திற்கு எதிர்விஷ மருந்துடன் நியோஸ்டிக்மின் எனும் மருந்தும் உதவும். சிதைந்த நுனிகளையோ எந்த மருந்தும் உடனே மீட்காது. ஆகலின் கட்டுவிரியன் கடியுற்றவர், மருந்து பெற்ற பின்னரும், நுனிகள் புதிதாய் வளருமட்டும் சில நாட்கள் செயற்கைச் சுவாசத்திலேயே காக்கப்பட வேண்டியிருக்கலாம்.