தினையும் நெல்லும்

ஐதராபாத்துக்குப் பணிமாற்றம் பெற்று வந்த புதிதில், வீடு தேடுவதற்கு முன்னரே புழுங்கல் அரிசி விற்கும் கடையைத் தேடினோம். ஊர் மாறியும் நா மாறவில்லையே என்று அலுவலகத் தெலுங்கு நண்பர் நகைத்தார். ஆனால், நாவும் மாறியே வந்துள்ளது.

மகபூப்நகர்ப் பகுதியைச் சார்ந்த உட்னூரில் 1957-இல் ஆல்சின் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு சாம்பல் மேட்டை அகழ்ந்தார். புதிய கற்கால மக்கள் ஆநிரைகளை அடைத்த பட்டியே அது. அக்காலத் தென்னாட்டுக் குடியிருப்புகளில் மிகுதியாகக் கிடைத்த கருகிய மணிகள் கொள்ளும் பச்சைப்பயறும் சிறுதானியங்களும் ஆகும். நெல் பின்னர் வந்தது. பழனிக்கு அண்மையிலுள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. இராசன் அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில் நெல் நிறைந்த கலம் கிடைத்தது. அந்நெல்லின் காலம் ஏறத்தாழக் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது.

பெரும்பாணாற்றுப்படையில் பாணன் செல்லும் வழி நெடுகிலும் உணவு மாறுவதைக் காணலாம். எயினர் உடும்பின் ஊனையும், உழவர் வெண்ணெற் சோற்றுடன் கோழியையும், அந்தணர் மாவடு ஊறுகாயையும், வலைஞர் மீனையும் படைக்கின்றனர். ஊனும் கள்ளும் அங்கு மிகுதி எனக் கூறின் இலக்கியக் கூட்டங்களில் முகம் சுளிப்பார் உளர். ஆயினும் பாட்டு அவ்வாறே உள்ளது.

அந்நாளைய காரம் மிளகு. அதற்குக் ‘கறி’ என்றே பெயர். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழி வந்தது. மிளகுபோல் உறைக்கும் காயை நாம் மிளகாய் என்றோம். ‘மிரியமு’ என்று மிளகைக் கூறும் தெலுங்கர் ‘மிரபகாய’ என்றனர். அது வேற்றுநாட்டுப் பொருள் என்று குண்டூரில் யாரும் நம்புவரோ?

சோற்றின் தீங்கு ஆலையோடு வந்தது. இயந்திரம் தவிட்டை முற்றும் நீக்கவே, அதிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தும் நீங்கிற்று. கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு தளரும் பெரிபெரி நோய் பரவிற்று. இதனை ஆராய 1918-இல் மக்காரிசன் என்பார் குன்னூரில் ஒற்றை அறையில் ஓர் ஆய்வகம் தொடங்கினார். அன்றைய சென்னை மாகாணத்தில், ஆலைப் பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் இந்நோய் மிகுந்திருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களோ பெரும்பாலும் தப்பின. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டியர் இதனை அறிந்து செய்தாரல்லர். அவர்தம் பானை செய்தது.

அவ்வாய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. தார்நாக்காவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே. அங்கு மற்றொரு புதிர் காத்திருந்தது. தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழையர்க்கு வெயில் பட்ட தோல் கருகி உரியும் பெலாக்ரா நோய் வந்தது. சேலத்திற் பிறந்த கோபாலனும் சிரீகாந்தியாவும் 1960-இல், சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் பொருளைக் காரணம் காட்டினர். அக்கருத்து இன்றும் வாதத்திற்குரியதே. எனினும், முன்னோர் உணவெல்லாம் அமுதம் எனப் பேசுவார் இதனை மறத்தல் ஆகாது. ஒரே தானியத்தால் வயிறு நிரப்ப நேர்ந்த வறுமையை எந்தத் தானியமும் தீர்க்காது.

1983-இல் என்.டி. இராமராவ் அரசு கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கிற்று. விழா நாளில் மட்டும் சோறு கண்ட குடிசைகளில் நாள்தோறும் உலை கொதித்தது. சோளமும் கம்பும் அடுக்களையின் மூலைக்குச் சென்றன. பசித்தவன் அரிசியை விரும்பியதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

நம் நண்பரின் தாயார் இளமையில் சோள ரொட்டியை ஏழையர் உணவென்று வெறுத்தவர். நீரிழிவு மருத்துவர் சொற்படி இன்று அதனையே நாளும் சுடுகின்றார். சோளத்தின் விலை அரிசியினும் மிகுதி என்று கடைக்காரரோடு வழக்காடுவதும் அவரே.