ரேகை இன்னும் அழியலை

என் சித்தப்பா செத்து ஆறு மாசம் கழிச்சு ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். "ஆளு ஊர்லதான இருக்காரு?" என்று கேட்டார். சின்னம்மா சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

டீக்கடைத் தகராறு முற்றி ஓர் உயிர் போன வழக்கில் சித்தப்பாவுக்கு ஏழு வருஷம். முழுசாக அனுபவித்துவிட்டு, ஒரு மஞ்சப்பையோடு கம்பத்தில் வந்து இறங்கினார். திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தோட்டக்காரர்கள், "நல்ல ஆளுதாப்பா, ஆனா கையில கத்தரியக் குடுக்க மனசு வரலையே" என்றார்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகலாமென்று விடியக்காலம் ஜீப் ஏறப் போனால், "செக்போஸ்ட்டுல கேப்பாகண்ணே, நாளைக்குப் பாப்பம்" என்பார்கள். அந்த நாளை வரவே இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை கேட்டபோது எங்க தெரு ஆட்களே பின்வாங்கினார்கள். இதையும் மறைக்கக் கூடாது.

எங்கே களவு போனாலும் முதல் ஆள் அவர்தான். திருவிழா என்றால் மூணு நாள் முன்னாடியே கூட்டிப்போவார்கள். நன்னடத்தைக்கு ஜாமீன் நிற்கப் பட்டா உள்ள ஆள் வேண்டும். பட்டாவே இல்லாத சேரியில் யார் நிற்பது? "ஜெயில்ல இருந்து வந்த மனுசன் வீட்ல படுத்ததவிட ஸ்டேசன்ல படுத்ததுதான் சாஸ்தி" என்பாள் சின்னம்மா.

'கேடி' என்று சர்வசாதாரணமாகத் திட்டுகிறோம். அது தமிழ்ச் சொல் இல்லை. 'நோன் டிப்ரடேட்டர்' என்கிற போலீஸ் பதிவேட்டின் சுருக்கம். அந்தப் பதிவேட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு கிடக்கிறது.

1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தையும் பிடித்தது. குறவர் உட்படப் பல சாதிகள் பட்டியலில் ஏறின. எங்கள் பள்ளத்தாக்கிலும் உசிலம்பட்டிப் பக்கத்திலும் பிறமலைக் கள்ளர்களும் அதில் சிக்கினார்கள். சனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு தப்பும் செய்யாதவனும் ரேகை வைக்க வேண்டும், ஊர் தாண்ட ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்கிற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சாதியாக நமக்கும் அவர்களுக்கும் கணக்கு தீராமல் கிடக்கலாம். அதற்காக அந்த ரத்தத்தை மறக்க வேண்டியதில்லை.

1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. மறுவருஷமே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சாதியைப் பிடித்த கை தனி ஆளைப் பிடித்தது. நன்னடத்தை ஜாமீன் கேட்கிற பிரிவு 1898 சட்டத்தில் 110, 1973 சட்டத்திலும் 110, இப்போதைய 2023 சட்டத்தில் 129. எண்தான் மாறுகிறது.

ஆனால் ஒன்று: முத்திரை குத்திய மக்களை மறுபடி வாழவைக்கப் பள்ளிக்கூடமும் நிலமும் கடனும் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அப்படித்தான் வந்தன. அதிலும் போலீஸ் கண்காணிப்பு இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் படித்தார்கள். தண்டனை முடிந்து தனியாக வந்து நிற்கிற சேரிக்காரனுக்கு எந்தச் சீரமைப்பு நடந்தது?

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பதை ஒழித்தது. சிறைப் பதிவேட்டில் இருக்கிற சாதிக் கலத்தையும் நீக்கச் சொன்னது. நல்லது. சிறைக்கு வெளியே ஸ்டேஷனில் இருக்கிற பதிவேட்டை யார் திறந்து பார்ப்பது?

தண்டனை முடிந்தவன் பெயரை எத்தனை வருஷத்தில் அடிப்பீர்கள் என்று நாம் கேட்க வேண்டும். கையில் கத்தரியைக் கொடுக்கவும், வீட்டில் பெண் எடுக்கவும் நம்ம தெருவும் பழக வேண்டும். முதல் கேள்வி அரசாங்கத்துக்கு. இரண்டாவது நமக்கு.