அரம் பிடித்தவர்களின் வம்சம்

சற்று நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

நம் டர்னர் பிரிவின் பழைய மாணவர் ஒருவர், இப்போது பெரிய கம்பெனியில் நல்ல நிலையில் இருப்பவர், போன வாரம் போனில் கேட்டார்: "சார், இப்போ புரோகிராம் போட்டு பட்டனை அழுத்தினா மைக்ரான் கணக்கில் பீஸ் வந்து விழுது. எங்களை எதுக்கு சார் மாசக்கணக்கில் அரம் போட்டு ராவ வச்சீங்க?"

நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது, வரலாற்றைச் சுற்றிக்கொண்டுதான் வருவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை லண்டன் வரை போக வேண்டும்.

ஹென்றி மாட்ஸ்லே என்று ஒருவர். 1771-ல் லண்டனை ஒட்டிய வூலிச்சில் பிறந்தவர். அங்கே இருந்த அரசாங்க ஆயுதச்சாலையில் 12 வயதில் வேலைக்குச் சேர்ந்தார். தோட்டாவில் வெடிமருந்து அடைக்கும் பையன்களில் ஒருவர். பிறகு தச்சுப் பட்டறைக்கு அனுப்பினார்கள். பையனின் கண் முழுக்கப் பக்கத்திலிருந்த கொல்லன் உலை மேலேயே இருந்ததால், 15 வயதில் அங்கே மாற்றிவிட்டார்கள். பள்ளிப்படிப்பு என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் கிடையாது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் தொழில் பழகுவதற்குக் கட்டுதிட்டமான சட்டம் இருந்தது. 1563-ல், முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் போட்ட சட்டம். ஒரு தொழிலைச் செய்ய வேண்டுமென்றால் குறைந்தது ஏழு ஆண்டு ஒரு எஜமானரிடம் பழகுநராக இருந்திருக்க வேண்டும். அதற்கு ஒப்பந்தப் பத்திரம் எழுதுவார்கள். நல்ல பட்டறையாக இருந்தால் பையனின் தகப்பனார் எஜமானருக்குப் பணமும் கட்ட வேண்டும். நம் ஊரில் குருதட்சிணையைக் கற்று முடித்த பிறகு கொடுப்பார்கள். அங்கே முன்பணம்! இந்தச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பும் உண்டு, கண்டவனும் வந்து கூலியைக் கெடுக்க முடியாது. ஆனால் பணமும் ஆள் செல்வாக்கும் இல்லாத பையனுக்குக் கதவு சாத்தியேதான் இருந்தது. 1814-ல்தான் அந்த விதியை எடுத்தார்கள்.

மாட்ஸ்லேயிடம் ஏழாண்டுப் பத்திரம் இல்லை.

லண்டனில் ஜோசப் பிராமா என்ற பூட்டு நிபுணர் இருந்தார். யாராலும் திறக்க முடியாத பூட்டு என்று ஒன்றை வடிவமைத்துவிட்டார். ஆனால் அதன் நுணுக்கமான பாகங்களை ஒன்றுபோலச் செய்து தர ஆள் கிடைக்கவில்லை. யாரோ வூலிச் பையனைப் பற்றிச் சொல்ல, 1789-ல் கூப்பிட்டு அனுப்பினார். வந்து நின்றவருக்கு 18 வயது. பட்டறையின் மூத்த தொழிலாளிகள் ஏற்றுக்கொள்வார்களா என்று தயக்கம். பிற்காலத்தில் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய வரலாற்றில் இந்த இடம் வருகிறது: மாட்ஸ்லே அங்கே தேய்ந்து கிடந்த ஒரு பெஞ்ச் வைஸைக் காட்டி, இதன் வாயைப் புதிதாகச் செய்து மாலை ஆறு மணிக்குள் கொடுத்துவிட்டால் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டாராம். எஃகை வைத்து ஒட்டி, பல் வெட்டி, காய்ச்சித் தோய்த்து, பதம் பார்த்து, மணியடிக்கும் முன்பே முடித்துவிட்டார். அதற்கு மேல் யாரும் பத்திரம் கேட்கவில்லை.

பிராமா தன் பூட்டு ஒன்றை 1790-ல் கடைக் கண்ணாடியில் தொங்கவிட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார். மாட்ஸ்லே கைப்பட்ட பூட்டு அது. 1851 வரை யாரும் திறக்கவில்லை. அந்த வருஷம் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் மல்லுக்கட்டித் திறந்தார்.

இத்தனை செய்தவருக்கு என்ன சம்பளம் தெரியுமா? பட்டறையின் தலைமை மேஸ்திரி ஆன பிறகும் வாரம் 30 ஷில்லிங். கல்யாணமாகி, குழந்தைகள் பிறந்து, 1797-ல் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். பிராமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லே கிளம்பிவிட்டார். (சில ஷில்லிங்குக்காக எப்பேர்ப்பட்ட ஆளை விட்டார் பாருங்கள்! இந்த மாதிரி முதலாளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.) தனியாகச் சின்னதாய் ஒரு பட்டறை போட்டார். முதல் வேலை, ஓவியர் ஒருவருக்குப் படம் வரையும் தாங்கிக்கு இரும்புச் சட்டம்.

அடுத்த சில வருஷங்களில் அங்கேதான் நாம் பிழைத்த தொழில் உருவானது. 1800 வாக்கில் அவர் செய்த மரை வெட்டும் லேத்தை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். லீட் ஸ்க்ரூ, ஸ்லைடு ரெஸ்ட், சேஞ்ச் கியர் மூன்றும் அதில் உண்டு. இவை தனித்தனியாகவும் சேர்த்தும் அவருக்கு முன்பே சிலர் முயன்றவைதான். எல்லாவற்றையும் உறுதியான உலோகச் சட்டத்தில் பொருத்தி, அன்றாடம் வேலை செய்யும் இயந்திரமாக்கியது அவர் பங்கு.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, கவனியுங்கள். லேத்தில் துல்லியமான மரை வெட்ட வேண்டுமென்றால் அதன் லீட் ஸ்க்ரூ துல்லியமாக இருக்க வேண்டும். அந்த முதல் லீட் ஸ்க்ரூவை எந்த லேத்தில் வெட்டுவது? கோழி முந்தியா, முட்டை முந்தியா கதைதான். மாட்ஸ்லே மரம், வெள்ளீயம் போன்ற மெத்தென்ற உருளைகளின் மேல் ஒரு வளைந்த கத்தியைக் கணக்கிட்ட சாய்வில் பதித்து, உருளையைச் சுழற்றி, மரையைப் பிறப்பித்தார். பிறகு அதில் பிழை எங்கே என்று அளந்து திருத்தி, அதைக் கொண்டு எஃகில் அடுத்ததை வெட்டி, மறுபடி திருத்தி, இப்படியே ஏறிப் போனார். கடைசியில் ஐந்து அடி நீளம், இரண்டு அங்குல விட்டத்தில் ஒரு திருகு. அங்குலத்துக்கு 50 மரை. அதற்கான நட்டு மட்டும் 12 அங்குல நீளம், அதாவது உள்ளே 600 மரை. வானியல் கருவிகளின் அளவுகோலைக் கோடு பிரிக்க அது பயன்பட்டது.

அவருக்கு முன்னால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதன் சொந்த நட்டுதான் பொருந்தும். இயந்திரத்தைக் கழற்றும்போது எதற்கு எது என்று அடையாளம் போட்டு வைக்காவிட்டால் தொலைந்தோம். ஒரு பட்டறைக்குள்ளாவது எல்லா மரையும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் மாட்ஸ்லே.

அவர் மேஜையில் ஒரு மைக்ரோமீட்டர் இருந்தது. அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு காட்டும். நம் தச்சர் ஆசாரிகள் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மாட்ஸ்லேயின் கருவி பார்த்தது இரண்டரை மைக்ரான். பட்டறையில் அளவுத் தகராறு வந்தால் கடைசித் தீர்ப்பு அதனிடம்தான். அதனால் நாட்டின் மிகப் பெரிய நீதிபதியின் பதவிப் பெயரையே சூட்டி, 'லார்டு சான்சலர்' என்று அழைத்தார்கள்.

ஆனால் அந்தத் துல்லியத்தின் அடிமட்டம் எது என்றால், அரமும் ஸ்கிரேப்பரும்தான். லேத் பெட் தட்டையாக இல்லாவிட்டால் அதன் மேல் எது ஓடினாலும் கோணல். தட்டையைத் தரும் இயந்திரம் அப்போது இல்லை. கையால்தான் தட்டை செய்ய வேண்டும். எப்படி? இரண்டு தகடுகளை நீல மை தடவி ஒன்றோடொன்று உரசிப் பார்த்து, மேடு தெரிந்த இடத்தைச் சுரண்டிக்கொண்டே போனால் இரண்டும் அச்சாகப் பொருந்திவிடும். ஆனாலும் தட்டை என்று சொல்ல முடியாது, ஒன்று குழிந்தும் மற்றது அதே அளவு புடைத்தும் இருக்கலாம். மூன்றாவது தகடு ஒன்றைச் சேர்த்து, ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பொருத்தினால் குழிவும் புடைப்பும் ஒளிய இடமில்லை. மூன்றும் எல்லா ஜோடியிலும் பொருந்துகிறதென்றால் மூன்றும் தட்டை. வேறு எந்தத் தட்டையும் துணைக்கு வேண்டாம்! எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு இது புதிதாகவே இருக்கும். இது மாட்ஸ்லே பட்டறையிலேயே இருந்த முறையா, அவரிடம் இருந்து போன விட்வொர்த் கண்டதா என்று இரு பக்கமும் வாதிடுவோர் உண்டு. 1840-ல் அதை ஊரறியச் சொன்னவர் விட்வொர்த்.

விட்வொர்த் என்றதும் உங்களுக்குப் பொறி தட்டியிருக்கும். நாம் அரை அங்குல போல்ட்டுக்கு 'விட்வொர்த் மரை' என்று சொல்வோமே, 55 டிகிரி கோணம், அவரேதான். மாட்ஸ்லேயிடம் கற்ற ஒரே பட்டறைக்கான பிடிவாதத்தை 1841-ல் நாட்டுக்கே பொதுவாக்கியவர். அதே பட்டறையில் இருந்து போனவர்கள் இன்னும் உண்டு. ரிச்சர்டு ராபர்ட்ஸ், தானியங்கி நூற்பு இயந்திரம் செய்தவர். ஜோசப் கிளெமென்ட், கைத்தறி நெசவாளியின் மகன், சார்லஸ் பாபேஜின் கணக்கு இயந்திரத்துக்குப் பாகங்கள் செய்தவர். ஜேம்ஸ் நாஸ்மித், நீராவிச் சம்மட்டி கண்டவர்.

நாஸ்மித் வந்து சேர்ந்த கதையைத் தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். எடின்பரோ ஓவியர் ஒருவரின் மகன். 1829-ல், தான் செய்த சின்ன நீராவி எஞ்சின் மாதிரியோடு தகப்பனாரை அழைத்துக்கொண்டு வந்தார். பணம் கட்டிப் பழகும் பிள்ளைகளை இனிச் சேர்ப்பதில்லை என்று மாட்ஸ்லே சொல்லிவிட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளால் அவருக்கு அவ்வளவு தொல்லை. பட்டறையில் சாம்பல் அள்ளும் வேலை கொடுத்தாலும் போதும் என்றார் பையன். மறுபடி வந்து தன் எஞ்சினைக் காட்டினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மாட்ஸ்லே, உனக்குப் பழகுநர் காலமே வேண்டாம் என்று சொல்லி, தன் சொந்த வேலையறையிலேயே உதவியாளாக வைத்துக்கொண்டார். பத்திரமில்லாமல் தான் உள்ளே வந்த நாள் அப்போது அவருக்கு நினைவு வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சம்பளம் வாரம் பத்து ஷில்லிங். தகப்பனாரிடம் கை நீட்டக் கூடாது என்று வைராக்கியம். விளக்குச் சூட்டில் மெதுவாக வேகும் சின்ன அடுப்பு ஒன்றை வடிவமைத்து, காலையில் கறியும் காயும் போட்டுவிட்டு வேலைக்குப் போய், மாலையில் வந்து சாப்பிட்டார் நாஸ்மித். ஐடிஐ முடித்து வெளியூரில் ஒரே அறையில் நான்கு பேராகத் தங்கிப் பொங்கித் தின்றவர்கள் இதைப் படிக்கும்போது சிரிப்பீர்கள்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். போர்ட்ஸ்மத் கடற்படைத் துறைமுகத்தில், மார்க் பிரூனெல் வரைந்த கப்பிக்கட்டை இயந்திரங்களை மாட்ஸ்லேதான் செய்து கொடுத்தார். 40-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள். 1808 வாக்கில் வருஷத்துக்கு 1,30,000 கட்டைகள் வந்தன. முன்பு கைதேர்ந்த 110 பேர் செய்த வேலையை, தொழில் தெரியாத 10 பேர் செய்தார்கள். உலகின் மிகச் சிறந்த கைகள் செய்த இயந்திரம், 100 நல்ல கைகளுக்கு வேலை இல்லாமல் ஆக்கியது. இன்று சி.என்.சி. வந்து, ரோபோ வந்து, நீங்கள் உங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுவதும் இதுதானே. அந்த 100 பேர் என்ன ஆனார்கள் என்று யாரும் புத்தகம் எழுதவில்லை. இயந்திரத்தைப் பற்றித்தான் எழுதினார்கள்.

மாட்ஸ்லே 1831-ல் காலமானார். வூலிச் தேவாலயத்தில் அவர் நினைவுச் சின்னம் வார்ப்பிரும்பில் இருந்தது, அவரே வரைந்து வைத்த வடிவம். அவரிடம் வேலை செய்த பழைய தொழிலாளி ஒருவர், ஐயா எந்தக் கருவியை எடுத்தாலும் பார்க்க அழகு, ஆனால் 18 அங்குல அரத்தைப் பிடித்தால் அதற்கு ஈடு கிடையாது என்ற பொருளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

விட்வொர்த் பெரும் செல்வரானார். 1868-ல் தொழில் படிக்கும் இளைஞர்களுக்காக, ஆண்டுக்கு 100 பவுன் வீதம் 30 உதவித்தொகைகளை ஏற்படுத்தினார். இன்ன குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கணக்கிலும் இயந்திரவியலிலும் எழுத்துத் தேர்வு வைத்தார்கள். அதோடு உலை வேலை, கடைசல், அரம் போட்டுப் பொருத்துதல், வார்ப்பு மாதிரி செய்தல் ஆகியவற்றில் கைத்திறனும் கேட்டார்கள். அந்த உதவித்தொகை இன்றும் வழங்கப்படுகிறது.