மணலி வயலின் முதல் சட்டி மேளம் வரை

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளை வைத்தே இன்று மணலியை அடையாளம் சொல்கிறோம். ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னால், கர்நாடக இசை தனக்குச் சற்றும் பழக்கமில்லாத ஓர் ஓசையைக் காதில் வாங்கிப் பார்த்தது இந்த ஊர்க்காரர்களின் தயவில்தான்.

மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷி. அவர் அழைத்து, இசைவாணர் ராமஸ்வாமி தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்குக் குடிவந்தார். முதலியாரின் மகன் சின்னையா முதலியார், தீட்சிதரின் பிள்ளைகளைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போனார். அங்கே கேட்ட பேண்டு இசையின் மெட்டுகளை மூத்தவர் முத்துஸ்வாமி தீட்சிதர் எடுத்துக்கொண்டார். இளையவர் பாலுஸ்வாமி (1786–1858) ஓர் ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டு வயலின் கற்றார்.

அந்த மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி எழுதிய வடமொழிச் சாகித்தியங்களே நோட்டுஸ்வரங்கள். சுமார் 40 கிடைக்கின்றன. எல்லாம் சங்கராபரணத்தில், கமகம் இல்லாமல், சுரம் சுரமாக நடப்பவை. ஆங்கிலேயரின் ‘காட் சேவ் த கிங்’ மெட்டில் அமைந்தது ‘ஸந்ததம் பாஹிமாம்’. பேண்டில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும். தீட்சிதர் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, துணைச் சுரங்களைக் கோட்டையிலேயே விட்டுவிட்டார். ஒற்றை இழையில் பழகிய காது அவ்வளவைத்தான் இசையென்று ஏற்றது.

வயலினையும் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. சப்பணமிட்டு உட்கார்ந்து, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டி, விரலை இழைத்துக் கமகம் பிடித்தார்கள். அது இல்லாத கச்சேரியை இன்று யார் ஒப்புவார்?

கடல் கடந்து வந்த கருவிக்குக் கிடைத்த இந்த வரவேற்பு பக்கத்துத் தெருத் தோல் கருவிக்குக் கிடைக்கவில்லை. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிச் சாவு வீடுகளில் முழங்கும் பறையும் சட்டியும் சபாக்காரர்களுக்கு வெறும் சத்தம். சாதிதான் காரணம், காதைக் குறை சொல்லிப் பயனில்லை. வைக்கோல் தீயில் காட்டினால் பறையின் தோல் விறைத்துச் சுதி ஏறும். சட்டி சின்னது, மெல்லிய குச்சிகளில் அடித்தால் சுருக்கென்று பேசும். அந்தத் தெருக்களில் கானாப் பாட்டுப் பாடுபவர்களுக்கு அதுவும் தேவையில்லை, பஸ்ஸின் தகரமோ வகுப்பு மேசையோ போதும்.

வெறும் சத்தத்தை இசையாக்கியவர்கள் வேறிடங்களிலும் உண்டு. இத்தாலியர் லூயிஜி ருஸ்ஸோலோ, இரைச்சலும் இசையே என்று 1913-ல் அறிக்கை விட்டார். 1922-ல் பாக்கூ துறைமுகத்தில் ரஷ்ய இசையமைப்பாளர் அவ்ராமோவ், ஆலைச் சங்கையும் கப்பல் ஊதலையும் பீரங்கியையும் சேர்த்து ஒரு ‘சிம்பொனி’ நடத்தினார். தமிழில் இதற்கு அறிக்கை வேண்டியிருக்கவில்லை. ஆலை ஊதலுக்கும் சாவு வீட்டில் ஊதுவதற்கும் பெயர் ஒன்றே: சங்கு.

கானா 1990-களில் தேவாவின் இசையில் சினிமாவில் பரவியது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. 19 கலைஞர்கள். பெயர், சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்தின் வழி வந்தது. பறையும் சட்டியும் அங்கே கிதாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கவாத்தியமாக இல்லை, சரிக்குச் சரியாக நின்றன.

இப்போது பல குழுக்களின் பறையில் ஃபைபர் தோல். அதற்குத் தீ காட்ட வேண்டாம், கடற்காற்றின் ஈரத்தில் சுதியும் இறங்காது.