விடுபட்ட செவிலியர் பராமரிப்பு

நோயாளிக்குத் தேவையான பராமரிப்பு முழுமையாகவோ பகுதியாகவோ கிடைக்காமல் போவது அல்லது தாமதமாவது. அமெரிக்கச் செவிலியியல் பேராசிரியர் பியாட்ரிஸ் காலிஷ் 2006இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை முன்வைத்தது. நோயாளியை நடக்கவைத்தல், படுக்கையில் திருப்பிப் படுக்கவைத்தல், உணவூட்டல், உடல் தூய்மை, மன ஆறுதல், வீடு திரும்புவோருக்கான அறிவுரை முதலியவையே பெரும்பாலும் விடுபடுகின்றன.

இதை அளக்க 2009இல் ‘மிஸ்கேர்’ வினாநிரல் வெளியானது. முதற்பகுதி எவை விடுபடுகின்றன என்றும், இரண்டாம் பகுதி ஏன் விடுபடுகின்றன என்றும் செவிலியரிடம் கேட்கிறது. ஆள் பற்றாக்குறை, மருந்து மற்றும் கருவிகளின் பற்றாக்குறை, தகவல் பரிமாற்றக் குறை எனக் காரணங்கள் மூன்றாக வகுக்கப்பட்டுள்ளன. விடைகள் செவிலியரின் சொந்த மதிப்பீடு என்பதால், உண்மை அளவிலிருந்து அவை வேறுபடக்கூடும்.

ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வு, விடுபட்ட பராமரிப்பு மிகுந்த மருத்துவமனைகளில் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் மிகுந்திருப்பதைக் காட்டியது.

பராமரிப்பு இவ்வாறு விடுபடுவதைக் குறைக்க, பணிகளை முன்னுரிமைப்படுத்தவும் மருத்துவருடன் தயக்கமின்றிப் பேசவும் செவிலிய மாணவருக்குப் பயிற்சிக் காலத்திலேயே கற்பிக்க வேண்டும். ஆனால் போதிய செவிலியரை நியமிக்காமல் பயிற்சியால் மட்டும் இக்குறை தீராது.