குப்பமேட்டுப் பரங்கிக்கொடியும் ஒரு சோம்பேறித் தோட்டமும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே, பொறுத்துக்கோங்க.

எங்க ஆயா வீடு தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்துல. கும்மிடிப்பூண்டி தாலுகா, திருவள்ளூர் மாவட்டம். சென்னைக்குக் குடிதண்ணி தர்றதுக்காக 2020 நவம்பர்ல புதுசா ஒரு நீர்த்தேக்கம் திறந்தாங்களே, அந்தப் பக்கம்தான். வீட்டுக்குப் பின்னாடி ஒரு கொல்லை. அங்க யாரும் தோட்டவேலைன்னு ஒண்ணு செஞ்சு நான் பார்த்ததே இல்லை. உரமூட்டை வாங்கினதில்லை, மருந்து அடிச்சதில்லை. பாத்திரம் கழுவுற தண்ணி வாழைக்கு, குளிக்கிற தண்ணி முருங்கைக்கு. அவ்ளோதான். ஆனாலும் வருஷம் பூரா ஏதாவது ஒண்ணு பூத்துக்கிட்டே இருக்கும், இல்லைன்னா காய்க்கும். என்னை மாதிரி சோம்பேறிக்கு ஏத்த தோட்டம் :-)

"எல்லாம் நம்ம பாரம்பரியச் செடிங்க"ன்னு தங்கமணிகிட்ட பெருமையா அளந்து விட்டுட்டு, அப்புறம் உட்கார்ந்து தேடிப் பார்த்தா... பாதிக்கு மேல வெளியூர்க்காரங்க!

சித்திரை வெயில்ல மத்ததெல்லாம் துவண்டு கிடக்கும்போது சிரிச்சுக்கிட்டு நிக்குமே நித்தியகல்யாணி, அதுக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர். (ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்டின் இந்தச் செடியில இருந்து எடுத்ததுதான்.) சாயங்காலம் மலர்ற அந்திமந்தாரை, கொய்யா, பப்பாளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498ல வாஸ்கோடகாமா கோழிக்கோடு பக்கம் வந்து இறங்கினாரே, அதுக்கப்புறம் ஐரோப்பியக் கப்பலுங்க போட்ட பாதையில வந்ததுங்க. மிளகாயும் அப்படித்தான். அதுக்கு முன்னாடி நம்ம குழம்புல காரம்னா மிளகுதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது பரங்கிக்காய். பேர்லயே இருக்கு பாருங்க, பரங்கி! பரங்கியர்னா ஐரோப்பியர். மார்கழி மாசம் விடியக்காலைல வாசல்ல கோலம் போட்டு, நடுவுல சாணி உருண்டை வெச்சு, அதுல மஞ்சளா ஒரு பூ சொருகுவாங்களே... அந்தப் பூவும் கடல் தாண்டி வந்ததுதான். ஆயாகிட்ட சொல்லியிருந்தா என்னை அடிக்க வந்திருப்பாங்க.

இதுல ஒரு வேடிக்கை. இப்படிக் கேக்காமலே வந்து ஒட்டிக்கிட்ட செடிங்க ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கும்பினிக்காரங்க திட்டம் போட்டு வளர்த்த தோட்டம் ஒண்ணு. சென்னையில ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். 1780கள் முடியற சமயத்துல சைதாப்பேட்டையில சப்பாத்திக்கள்ளிக்குன்னே தோட்டம் போட்டார். அந்தக் கள்ளியில காக்சினீல் பூச்சியை வளர்த்து சிவப்புச் சாயம் எடுக்கணும், அந்த வியாபாரத்தை ஸ்பெயின்காரங்க கையில இருந்து பிடுங்கணும். அதான் திட்டம். கடைசியில வந்து சேர்ந்தது மட்டரகப் பூச்சி, சாயம் தேறலை. தோட்டமும் போச்சு. நம்ம ஆயா எச்சில் தட்டோட வீசின பரங்கி விதை மட்டும் ஜோரா முளைச்சுது.

வெளியூர்க்காரங்களையே சொல்லிட்டு இருக்கேன். முருங்கை நம்ம நாட்டு ஆளு. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல்ல எங்க மரம் வேரோட சாய்ஞ்சுது. ஒரு போத்தை வெட்டி அதே இடத்துல நட்டாங்க அத்தை. இப்ப கீரைக்குப் பஞ்சமே இல்லை.

சரி, இந்தத் தோட்டம் எப்படி ஆள் இல்லாம நடந்துச்சு? ரொம்ப நாள் மண்ணுதான் காரணம்னு நினைச்சேன். எங்க மண்ணு வெறும் சரளை. உண்மையான தோட்டக்காரி எங்க பசுமாடு! காலைல மேய்க்கால் புறம்போக்குக்கு ஓட்டிட்டுப் போவாங்க, சாயங்காலம் வயிறு நிறைய வரும், ராத்திரி சாணி. அது கொல்லை மூலையில குப்பமேடு ஆகும். ஆடி மாசம் அதுல பரங்கி தானா கொடி விடும். மிச்சம் அவரைப் பந்தலுக்கு.

தேர்வாய் கண்டிகையில தொழிற்பூங்கா வந்தப்போ, அது எங்க மேய்ச்சல் நிலம்னு ஊர்க்காரங்க எதிர்த்துப் போராடினது பலருக்கு ஞாபகம் இருக்கும். இப்போ அங்க பெரிய பெரிய ஃபேக்டரிங்க. எங்க வீட்டுப் பசங்களும் ஷிப்ட் வேன்ல ஏறிப் போறாங்க, அவங்களுக்குச் சம்பளம் வருது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா மாடு மேய்க்க ஆளும் இல்லை, இடமும் சுருங்கிப் போச்சு. ஆயாவுக்கு முட்டிவலி வேற. மாட்டை வித்தாச்சு. ரெண்டே வருஷத்துல குப்பமேடு தட்டையாச்சு, பரங்கி காணாம போச்சு. நித்தியகல்யாணி மட்டும் கண்டுக்காம பூத்துக்கிட்டு இருந்துச்சு.

ஆயா இப்ப இல்லை. போன மார்கழிக்குப் போயிருந்தப்போ, துவைக்கிற கல்லு ஓரமா ஒரு பரங்கிக்கொடி தானா முளைச்சுக் கிடந்துச்சு, நாலஞ்சு பூவோட. தங்கமணிக்கு ஒரே சந்தோஷம். கோலம் போட்டாச்சு, பூவும் ரெடி. சாணிக்கு எங்க போறது?

ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்ல மட்டும் மாடு இருக்குன்னாங்க அத்தை. கிண்ணத்தை எடுத்துக்கிட்டு நான் போனேன். அந்த அம்மா காசு வேணாம்னுட்டாங்க.

"ரெண்டு பூ குடு கண்ணு, போதும்"னாங்க.